தனி மரமும் தோப்பும்

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் படிப்பு, சம்பளம், நிலபுலன் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள். "பையன் நாலு பேரோட கலகலப்பாப் பழகுவானா?" பழகுவான் என்று பதில் வந்துவிட்டால் மற்றக் குறைகள் பாதி மன்னிக்கப்பட்டுவிடும். "கொஞ்சம் அழுத்தக்காரன்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, பெண்ணைப் பெற்றவரின் முகம் வாடிவிடும். குடிக்கிறவனுக்குக்கூட எங்கள் ஊரில் ஏதாவது ஒரு சமாதானம் சொல்வார்கள். பேசாதவனுக்குச் சொல்ல மாட்டார்கள். பேசாதவன் எதையோ மறைக்கிறான், அல்லது தன்னை உயர்வாக நினைத்துக்கொள்கிறான். இரண்டில் ஒன்று என்பது ஊரின் தீர்ப்பு. தனி மரம் தோப்பாகாது என்ற பழமொழியையும் சாட்சிக்கு அழைத்துக்கொள்வார்கள்.

இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் மனிதர்களை நேசிக்கிறவர்கள் என்றோ, வாய்மூடி இருப்பவர்கள் எல்லாரும் மனிதர்களை வெறுக்கிறவர்கள் என்றோ நான் கண்டதில்லை. சங்கோஜி என்று நம் பெரியவர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லில் பழி இல்லை. கொஞ்சம் பரிவுகூட இருந்தது. ஸ்விட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில், மனிதர்களை அகமுகமாகத் திரும்பியவர்கள், புறமுகமாகத் திரும்பியவர்கள் என்று இரு வகையாகப் பகுத்தார். அந்தப் பாகுபாட்டை நம் ஊர் அனுபவத்தில் வைத்துப் பார்க்கலாம். நாடியம்மன் கோவில் திருவிழா முடிந்ததும் ஒருவன் கடைத்தெருவில் நின்று இன்னும் பத்துப் பேரோடு பேசினால்தான் களைப்புத் தீரும். இன்னொருவன் வீட்டுக்கு வந்து, திண்ணையில் தனியாக ஒரு நாழிகை உட்கார்ந்தால்தான் களைப்புத் தீரும். இருவரும் சேர்ந்துதான் வடம் பிடித்தார்கள். இதில் யார் நல்லவன், யார் கெட்டவன்?

ஊரில் இருக்கும்வரை சங்கோஜிக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அவன் பேசாவிட்டாலும் அவனுக்காகப் பேச அம்மா இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், ஒரு தெருவே இருக்கிறது. அந்நிய தேசம் போகும்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஓர் அம்மாள் தம் மகனைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பினார். பெட்டி கட்டுகிற சந்தடியில் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, பசிக்குதுன்னுகூட வாயைத் தொறந்து கேக்க மாட்டான் அவன். யாருமில்லாத சீமையில தனியா எப்படித் தம்பி இருப்பான்?" என்றார். "போகப் போகப் பழகிடும் அக்கா" என்றேன். அந்த நேரத்துக்கு வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் தாயின் கேள்வி அவ்வளவு சுலபமாக ஓய்கிற கேள்வி அன்று.

கடல் கடந்து போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போனார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில், மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குள் ஓர் உறவு விழுந்துவிடும். எவ்வளவு பெரிய சங்கோஜியாக இருந்தாலும், கரை இறங்கும்போது பெயர் தெரிந்த இரண்டு பேராவது அவனோடு இறங்குவார்கள். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985இல் நடுக்கடலில் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடற்பிரயாணமும் முடிந்தது. இப்போது திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். பக்கத்து ஆசனத்துக்காரர் தூங்கி விழிப்பதற்குள் தேசம் வந்துவிடுகிறது. பிரயாணம் சுலபமாயிற்று, பரிச்சயம் கடினமாயிற்று.

போன இடத்திலும் தனிமைக்குப் பஞ்சமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பஞ்சம் உண்டு. பழைய நாளில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒருவருடைய கடை, ஒருவருடைய படுக்கை, ஒருவருடைய உலகம். இன்று கிட்டங்கிகள் இல்லை. தொழிலாளர் விடுதிகள் இருக்கின்றன. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கிறார்கள். 2020இல் தொற்று நோய் பரவியபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அந்த விடுதிகளுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். மூச்சு முட்டும் கூட்டம். ஆனாலும் அவர்களில் எத்தனையோ பேர் தனியர்கள். ஆகவே தனிமை வேறு, தனியிடம் வேறு. ஒன்று தானாக வந்து மேலே விழுவது. மற்றது மனிதன் தேடிப் பெறுவது. சங்கோஜி கேட்பது தனியிடம். அவனுக்கு நேரக்கூடிய ஆபத்து தனிமை. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் ஊர் தவறாகத் தீர்ப்புச் சொல்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் எப்படி வாழ முடியும் என்பதை நான் ஒரு பெரியவரிடம் தெரிந்துகொண்டேன். 1979இல் சிங்கப்பூர் போய், கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் வேலை செய்து, 2008இல் பட்டுக்கோட்டைக்குத் திரும்பியவர். பெயர் வேண்டாம்; அவருக்குப் பிடிக்காது. மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவரைப் பார்க்கலாம். சர்க்கரை குறைத்து ஒரு டீ, ஒரு பத்திரிகை, பதினைந்து நிமிஷம். 'வாங்க' என்பதற்குமேல் பேச்சு இல்லை. அவரோடு ஐந்தாறு வார்த்தை பேச எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

சிங்கப்பூரில் அவருடைய வாழ்க்கையும் இப்படித்தான் பழக்கங்களால் கட்டப்பட்டிருந்தது. ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைப்பார். பிறகு எல்லாரும் சிராங்கூன் சாலைக்குப் போவார்கள். அன்று அந்தச் சாலை நம் ஊர்ச் சந்தை மாதிரி இருக்கும். இவர் மட்டும் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த தேசிய நூலகத்துக்குப் போவார். சிவப்புச் செங்கல் கட்டிடம் அது. 1960இல் திறந்தார்கள், சுரங்கச் சாலை போடுவதற்காக 2004இல் மூடி இடித்துவிட்டார்கள். அங்கே ஜன்னல் ஓரத்து மேஜை ஒன்றில் ஞாயிறுதோறும் நான்கு பேர் உட்கார்வார்கள். இவர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், மலையாளி ஒருவர், சீனக் கிழவர் ஒருவர். முதல் ஆறு மாதம் தலையசைப்பு மட்டும். பிறகு ஒருவர் படித்து முடித்த பத்திரிகையை மற்றவர் பக்கம் நகர்த்துவார். மத்தியானம் நால்வரும் எழுந்து போய்க் காபி குடிப்பார்கள். ஆளுக்கு ஒரு வாரம் காசு கொடுப்பது என்று முறை, யாரும் சொல்லாமலே ஏற்பட்டுவிட்டது. இவ்வளவுதான். "அந்த நாலு பேரு இல்லாட்டி எனக்குச் சிங்கப்பூரே இல்ல தம்பி" என்றார் பெரியவர்.

நம் கண்ணுக்கு இது நட்பு என்றே படாது. யாரும் யாரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை. குடும்ப விவரம் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தன் நாற்காலி காலியாக இருந்தால் அதைக் கவனிக்க மூன்று பேர் உண்டு என்ற நினைவு, ஆறு நாள் உழைப்பையும் தாங்கும் பலத்தை அவருக்குக் கொடுத்தது. பேசத் தெரியாதவனுக்குப் பழக்கமே பாஷை. அதே நேரத்தில், அதே இடத்துக்கு, அடுத்த வாரமும் வருவதன் மூலம் அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறான்: உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களை நம்பி இருக்கிறேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால், சங்கோஜிகளுக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் எழுந்திருப்பேன். முடியவில்லை.

ஒரு ஞாயிறு யாழ்ப்பாணத்துக்காரர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோயா? ஊருக்குப் போய்விட்டாரா? அது இலங்கையில் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த 1983ஆம் வருஷத்துப் பின்பகுதி. விசாரிக்கலாம் என்று எண்ணியபோதுதான் அவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. அவருடைய முழுப் பெயர் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. வேலை செய்யும் இடம் தெரியாது; விலாசம் தெரியாது. மூன்று வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர். அவர் காபியில் எவ்வளவு சர்க்கரை போடுவார் என்று தெரியும். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாது. அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை பெரியவருக்குத் தெரியாது.

அதைச் சொன்னபோது அந்தப் பெரியவரின் குரல் மாறவில்லை. "மறு வாரம் நாங்க மூணு பேரும் ஒரு காகிதத்துல பேரு, ஊரு, பாஸ்போர்ட்டு நம்பர், சொந்தக்காரங்க விலாசம் எல்லாம் எழுதி மாத்திக்கிட்டோம். அப்புறமும் பழையபடி பேசாமத்தான் உக்காந்திருந்தோம்" என்றார்.

தனியிடம் விரும்புகிறவனுடைய தர்மம் முழுவதும் அந்தக் காகிதத்தில் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மணிக்கணக்கில் பேச வேண்டும் என்று அவனை யாரும் கட்டாயப்படுத்த உரிமை இல்லை. ஆனால் நாலு பேராவது தன்னைத் தேடி வருவதற்கு வழி வைக்க வேண்டும். அந்த நாலு பேரைத் தான் தேடிப் போவதற்கும் வழி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் அந்தரங்கத்தில் தலையிடாதது நல்ல பண்புதான். ஆனால் தலையிடாமை என்ற பெயரில் அக்கறையையும் விட்டுவிட்டால், அது பண்பு இல்லை, சோம்பல்.

பழக்கங்களால் தன்னைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர் என்றால் உலகம் ஜெர்மானிய தத்துவ ஞானி காண்ட்டைச் சொல்லும். கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்து, அங்கேயே 1804இல் இறந்தவர். அவர் உலாவப் போகும் நேரத்தைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று கதை சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் அவர் தனியாகச் சாப்பிட உட்காருவதை விரும்பியதே இல்லை. விருந்தாளிகள் வேண்டும், அதுவும் மேஜையில் மூன்று பேருக்குக் குறையாமல், ஒன்பது பேருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார். பிரம்மசாரியாகவே வாழ்ந்த அந்த மனிதர் எவ்வளவு கூட்டம் தமக்குத் தாங்கும் என்று அளந்து வைத்திருந்தார்.

நம்மிடையே ப. சிங்காரம் இருந்தார். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் சுமத்ராவில் உள்ள மெடானுக்குக் கடை வேலைக்குப் போனார். அங்கே மணந்த மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்தார். யுத்தம் முடிந்து 1946இல் திரும்பினார். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அப்படியே தனியாக இருந்து 1997இல் மறைந்தார். இலக்கியக் கூட்டங்களில் அவரைப் பார்க்க முடியாது. எழுதியவை இரண்டே நாவல்கள். அவற்றில் ஒன்றான 'புயலிலே ஒரு தோணி'யில் மெடான் தெருக்களும் பினாங்குக் கடைகளும் நூற்றுக்கணக்கான மனிதர்களும் பேச்சும் சிரிப்புமாக நடமாடுகிறார்கள். கூட்டத்தை விட்டு விலகி நின்ற மனிதர்தான் கூட்டத்தை அப்படிக் கேட்டிருக்கிறார். வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார். அவரைச் சமூகத்தோடு ஒட்டாதவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

பிரயாணத்திலும் இதே பாடம் இருக்கிறது. தனியாகப் பிரயாணம் செய்வது எனக்குப் பிடிக்கும். ஜன்னல் ஓரம், கையில் ஒரு புத்தகம், யாரிடமும் பதில் சொல்ல வேண்டாத நாலைந்து மணி நேரம். இதைவிடச் செல்வம் வேறு உண்டா? 2019இல் காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூருக்கு அகல ரயில் பாதையில் வண்டி ஓடத் தொடங்கிய புதிதில் அதில் போனேன். வழியில் இருக்கும் கேட்டுகளுக்குப் போதிய ஆட்கள் நியமிக்கப்படவில்லை. அதனால் வண்டியிலேயே ஆட்கள் ஏறி வருவார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி ஓடிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மீண்டும் நிற்கும். கடைசிப் பெட்டியில் வந்தவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார். நூற்றைம்பது கிலோமீட்டர் போக ஆறேழு மணி நேரம். நான் தனியாகப் பிரயாணம் செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்காக இரண்டு பேர் வெயிலில் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்! அன்று முதல் 'தனியாகப் போய் வந்தேன்' என்று சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் இதை என்னைவிட நன்றாக அறிந்திருப்பார். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதற்காகத் தேசம் தேசமாக அலைந்து 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார். 1940இல் படம் வெளியாயிற்று. தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் முன்பின் தெரியாதவர்களின் கதவுகளை எத்தனை முறை தட்டியிருக்க வேண்டும்! தனக்காகக் கேட்கக் கூசுகிறவன் தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காகக் கேட்கக் கூசமாட்டான் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசிவிட்டேன். இன்னொரு தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையில்லை. அந்தப் பெரியவரின் மனைவி இருபத்தொன்பது வருஷம் பட்டுக்கோட்டையிலேயே இருந்தவர். மாமியார், நாத்தனார், குழந்தைகள், வந்து போகிற உறவுகள். மாதம் ஒரு கடிதம் வரும். நாலு வரி இருக்கும். ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டே அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "அவரு அங்க தனியா இருந்தாருன்னு எல்லாரும் பாவப்படுறீங்க தம்பி. நான் இங்க எட்டுப் பேருக்கு நடுவுல தனியா இருந்தேன்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஜன்னலோர நாற்காலி இருந்தது. மனைவிக்கு நாள் முழுவதும் ஒரு மூலைகூடச் சொந்தமில்லை. அவருக்கும் அகமுகமாகத் திரும்பிய சுபாவமாக இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. தனியிடம் என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் ஆண்களுக்குக் கிடைக்கிற சலுகை. சங்கோஜி உலகத்திடம் சலுகை கேட்கலாம். தன்னையே நம்பி இருக்கிறவர்களின் பங்கிலிருந்து அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது. மேஜையில் மூன்று பேருக்கு முன்னால் மௌனமாக இருப்பது அழகாக இருக்கலாம். நாலு வரிக் கடிதத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறவளிடம் காட்டும் மௌனத்துக்கு அந்த அழகு கிடையாது. அங்கே ஐந்தாவது வரியை எழுதுவதுதான் தர்மம். கை கூசினாலும் எழுத வேண்டும்.

கடைசியாக அந்தப் பழமொழிக்கு வருகிறேன். தனி மரம் தோப்பாகாது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்த் தென்னந்தோப்புக்குள் வந்து பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. மறுபடி கன்று வைக்கும்போது விவசாயிகள் கயிறு பிடித்து அளந்தார்கள். கன்றுக்கும் கன்றுக்கும் 25 அடி; ஏக்கருக்கு ஏறக்குறைய 70 கன்று. ஆசைப்பட்டு நெருக்கி வைத்தால் மட்டைகள் ஒன்றோடொன்று மோதும், வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு மரங்கள் ஒல்லியாக வளர்ந்து வளையும், காய்ப்புக் குறையும். தள்ளித் தள்ளி நிற்கும் மரங்கள் சேர்ந்ததுதான் தோப்பு. தள்ளி நிற்கிறதே என்று எந்த மரத்தையும் தோப்புக்காரன் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்தையும் அவனுக்கு அடையாளம் தெரியும். ஒன்று வாடினால் அன்றைக்கே தெரியும்.

பேசாத பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புகிற தாய்மாரிடம், அவனை மாற்றி அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரே நேரத்தில் போய் உட்கார ஓர் இடத்தை அவன் தேடிக்கொள்ளட்டும். அங்கே வருகிற இரண்டு மூன்று பேரின் முழுப் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும், தன்னுடையதையும் கொடுக்கட்டும். வீட்டுக்கு எழுதும்போது நாலு வரியோடு நிறுத்தாமல் இருக்கட்டும். மற்றபடி அவன் வாய்மூடியே இருக்கலாம். அதற்காக அவன்மேல் குறை சொல்ல ஊருக்கு நியாயம் இல்லை.